ஆடு மேய்க்கத்தான் லாயக்கு

(தலைப்பு: நந்தா விளக்கு அணையாமல் எரிந்தது கொடுத்தவர் கொடையாலா? காத்தவர் கையாலா? 'காத்தவர் கையாலே' அணியில் மூணாவதா பேசுன உரை)

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், எங்க அணிக்கு வேன்ல போகும்போது சொல்லிக்கிறேன், முன்னாடி பாய் விரிச்சு புள்ளகுட்டியோட உக்காந்திருக்கிற என் சனத்துக்கு மட்டும் பெரிய வணக்கம். முடிஞ்சுது. எதிரணி அண்ணன் வணக்கத்துக்கே மூணு நிமிஷம் எடுத்தாரு, மைக் செட் காரருக்கு, ஜெனரேட்டர் காரருக்கு எல்லாம் சொன்னாரு, ஜெனரேட்டருக்கே சொல்லுவாரோன்னு பாத்தேன், நல்லவேளை கரண்ட் இருந்துச்சு.

நேரா விஷயத்துக்கு வர்றேன். விஷயம்னா தலைப்பு இல்ல, தலைப்பு எங்கயும் ஓடிப்போகாது. எதிரணித் தலைவர் பேராசிரியர் அண்ணன் இப்ப இதே மைக்கைப் பிடிச்சு என்ன சொல்லிட்டுப் போயி உக்காந்திருக்காரு? "ஆடு மேய்ச்சவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ராஜா கல்லுல வெட்டி வச்சதாலதான் விளக்கு எரிஞ்சுது, கல்வெட்டு மட்டும் இல்லன்னா விளக்கு நெய்க்காக ராஜா விட்ட அந்த 96 ஆடும் மறுநாளே பிரியாணி, இது கூடப் புரியாத எதிரணித் தங்கச்சியெல்லாம் ஆடு மேய்க்கத்தான் லாயக்கு." நீங்களும் விசிலடிச்சீங்க. அந்தா அந்த வேப்ப மரத்தடிப் பக்கம்தான் விசில் ஜாஸ்தி, நான் பாத்து வச்சிருக்கேன்.

அண்ணே, எனக்குச் சொந்த ஊரு சிவகங்கைப் பக்கம். எங்க ஐயா, அதாவது எங்க அப்பாவைப் பெத்தவரு, ஆடு மேய்ச்சவரு. அவுகளைப் பெத்தவரும் ஆடு மேய்ச்சவரு. நீங்க என்னையத் திட்டுனதா நெனச்சுக்கிட்டு என் பயோடேட்டாவை வாசிச்சிருக்கீங்க.

லேட்டா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. தலைப்புல நந்தா விளக்குன்னு இருக்கே, ஏதோ நந்தான்னு ஒரு பொம்பளை வச்ச விளக்குன்னு பின்னாடி ஒரு அக்கா பக்கத்து அக்காகிட்ட சொல்லிட்டு இருந்தாங்க, என் காதுல விழுந்துச்சு. இல்லக்கா. நந்துன்னா கெட்டுப்போறது, அணைஞ்சு போறது. அதே நந்துக்கு அகராதியில வளர்றதுன்னும் ஒரு அர்த்தம் போட்டிருக்கு, ஒரே சொல்லுல வாழ்றதும் சாகுறதும் ரெண்டும் இருக்கு, தமிழ் அப்படி. நந்தா விளக்குன்னா அணையாத விளக்கு. சில கல்வெட்டுல நுந்தா விளக்குன்னு இருக்கும், சிலதுல நொந்தா விளக்குன்னு இருக்கும். சுந்தரர் தேவாரத்துலயே காஞ்சிபுரத்துச் சாமியை நொந்தா ஒண்சுடரேன்னுதான் கூப்பிடுறாரு, அணையாத சுடரேன்னு. இதுல நுந்துன்னா தூண்டுறது. திரியைத் தூண்டாமலே நின்னு எரியுற விளக்கு நுந்தா விளக்கு. நம்ம வீட்டுப் பேச்சுல தூண்டாமணி விளக்குன்னு சொல்லுவோம்ல, அதே கணக்கு.

நடுவர் ஐயா, நீங்க தமிழய்யா, நீங்களே சொல்லுங்க. தூண்டாம எரியுற விளக்கு உலகத்துல எங்கயாச்சும் உண்டா? எங்க வீட்டுல எல்லாம் தூண்டுனாலே எரியாது. எவனோ ஒருத்தன் ராத்திரி எந்திரிச்சு வந்து தூண்டிட்டுப் போயிருக்கான், அவன் யாருன்னு யாருக்கும் தெரியல, உடனே என்ன பண்ணிட்டோம், தூண்டாமலே எரியுதுன்னு பேர் வச்சிட்டோம். தீர்ப்பு அந்தப் பேர்லயே இருக்கு. ஆனா நான் இப்ப தீர்ப்பு கேக்கப்போறது இல்ல, எனக்கு இன்னும் நேரம் இருக்கு.

இந்த விளக்குக்கு நெய் எங்க இருந்து வந்துச்சு? ஆட்டுல இருந்து. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் இங்கேர்ந்து எட்டிப் பிடிக்கிற தூரம், ராஜராஜன் கட்டி 1010ல குடமுழுக்கு பண்ணது. அங்க கல்லுல இருக்கிற கணக்கு என்னன்னா ஒரு விளக்குக்கு 96 ஆடு. ஆடு இல்லையா, 48 பசு. பசுவும் இல்லையா, 16 எருமை. இதை இடையர் வீட்டுல ஒப்படைச்சிருவாங்க, அவரு ஒரு நாளைக்கு ஒரு உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கணும். நாலு உழக்கு சேந்தா ஒரு நாழி, அவ்வளவுதான் அளவு, ஆனா நாள் தவறக்கூடாது. அங்க அளக்குற மரக்காலுக்கே ஆடவல்லான்னு சாமி பேரு, கொறைச்சு அளந்தா சாமியவே கொறைச்ச மாதிரி. எத்தனை நாளைக்கு அளக்கணும்? சந்திராதித்தவல். சந்திரனும் ஆதித்தனும் இருக்கிற வரைக்கும். நிலாவும் சூரியனும் இருக்கிறவரைன்னு அக்ரிமென்ட் போட்டிருக்காங்க சார், நம்ம ஹவுஸ் ஓனர் பதினோரு மாசத்துக்கு மேல போட மாட்டேங்குறாரு.

இப்ப அந்த ஆட்டுக்கு ஒரு பேரு உண்டு. பல கல்வெட்டுல வரும். சாவா மூவாப் பேராடு. எல்லாரும் ஒருதடவை சொல்லுங்க. சாவா மூவாப் பேராடு. (கூட்டம் சொல்லுது) அடடா, தஞ்சாவூர்க்காரங்க சொன்னாத்தான் அது அழகு.

சாவான்னா சாகாத. மூவான்னா மூப்பு வராத, கிழடு தட்டாத. பேராடுன்னா நல்லா வளர்ந்த பெரிய ஆடு. சாகாத கிழடு தட்டாத பெரிய ஆடு. இது பழைய சொல்லு. வள்ளுவர் சாவா மருந்துங்குறாரு, விருந்தாளியைத் திண்ணையில உக்கார வச்சிட்டு நீ மட்டும் உள்ள போயித் தின்னா அது சாவா மருந்தே ஆனாலும் வேண்டாம்டாங்குறாரு. சீவக சிந்தாமணி தொடங்குறதே மூவா முதலான்னுதான். இப்படி அமிர்தத்துக்கும் ஆண்டவனுக்கும் புலவருங்க பத்திரமா எடுத்து வச்சிருந்த சொல்லை, ஊர்க்காரன் தூக்கிட்டு வந்து எதுக்கு மாட்டிவிட்டான் பாத்தீங்களா? ஆட்டுக்கு! புழுக்கை போடுற ஆட்டுக்கு!

இலக்கணத்துல இதுக்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்னு பேரு. ஸ்கூல்ல இதைச் சொல்லும்போதெல்லாம் பல் டாக்டர்கிட்ட போகச்சொல்றாங்கன்னே நெனப்போம். சாவாத, மூவாதன்னு இருக்கணும், கடைசி எழுத்து த செத்துப்போச்சு. சாகாததுங்குற சொல்லுலயே ஒரு எழுத்து செத்திருக்கு, ஆனா சொல்லு சாகல. வாடாமல்லி அப்படித்தான், பொய்யாமொழி அப்படித்தான். எதிரணி அண்ணனோட வாதம் கூட அதே இலக்கணம்தான், செல்லாக்காசு.

சரி ஆடு எப்படிங்க சாகாம இருக்கும்? நம்ம ஊர் ஆடு பத்துப் பன்னெண்டு வருஷம் இருந்தாலே பெரிசு. இங்கதான் கதை வருது. கதைன்னதும் நடுவர் நிமிந்து உக்காந்துட்டாரு.

எங்க அப்பத்தா ஒரு பேங்க்ல ஆட்டு லோன் வாங்குச்சு. பேங்க் பேரு வேணாம், நல்ல பேங்க்தான். ஆடு வாங்குன அன்னைக்கே அதிகாரி வந்து ஆட்டோட காதுல ஒரு தகடு அடிச்சிட்டுப் போயிட்டாரு, அதுல ஒரு நம்பர், ஆட்டுக்கு இன்சூரன்ஸ். கருகருன்னு வெள்ளாடு, நெத்தியில மட்டும் ஒரு பொட்டு வெள்ளை. அப்பத்தா அதுக்கு லட்சுமின்னு பேர் வச்சிருச்சு. வருஷா வருஷம் அதிகாரி வந்து ஆட்டைப் பாத்துட்டு, தகட்டு நம்பரைப் பாத்துட்டு, மோர் குடிச்சிட்டுப் போவாரு.

ஒரு மழைக்காலத்துல லட்சுமி செத்துப்போச்சு. அப்பத்தா அழுது ஓஞ்சு, அந்தத் தகட்டைக் கழட்டி முந்தானையில முடிஞ்சு வச்சிக்கிச்சு. அடுத்து அதிகாரி வர்ற நேரத்துல, லட்சுமி ஈன்ற குட்டி வளர்ந்து நிக்குதுல்ல, அது காதுல தகட்டை ஏத்திருச்சு. குட்டி என்ன கலரு? நல்ல தும்பைப்பூ வெள்ளை.

அதிகாரி வந்தாரு. ஆட்டைப் பாக்குறாரு, நோட்டைப் பாக்குறாரு, ஆட்டைப் பாக்குறாரு. "ஏம்மா, இது அதே ஆடா?" "அதே ஆடுதான் சார்." "கருப்பா இருந்துச்சே?" அப்பத்தா கண்ணைக்கூட இமைக்கல. "நரைச்சிருச்சு சார்."

(சிரிப்பு)

இருங்க இருங்க முடியல. அதிகாரி விடல. "ஏம்மா ஒரு வருஷத்துலயா முழுசா நரைக்கும்?" "உங்களுக்கு நரைக்கலயா சார், போன வருஷம் நீங்களும் கருப்பாத்தான் வந்தீங்க." அந்த மனுஷன் தலையைத் தடவிப் பாத்துக்கிட்டாரு. "சரிம்மா, நெத்தியில வெள்ளைப் பொட்டு இருந்துச்சே, அது எங்க?" "சார், ஆடே வெள்ளையாயிருச்சு, அதுல பொட்டை எங்கிட்டுத் தேடுறது?"

அதுக்கு மேல அவரு பேசல, மோர் குடிச்சிட்டுப் போயிட்டாரு. அதுக்கடுத்த தடவை வந்தப்ப நம்பர் செம்மண் கலர் ஆட்டு காதுல இருக்கு. அவரு கேள்வியே கேக்கல, "என்னம்மா, மருதாணி போட்டீங்களா"ன்னாரு. அப்பத்தாவும் சளைக்காம, "ஆமா சார், ஆடிக்குப் போட்டது, இன்னும் அழியல"ன்னுச்சு.

இந்தக் கதையை ஆட்டுப் பக்கத்துல இருந்தும் பாருங்க. நேத்து வரைக்கும் பேர் இல்லாத குட்டி, தாய்ப்பாலுக்கு முட்டிக்கிட்டு திரிஞ்சுச்சு. இன்னைக்குக் காதுல தகடு ஏறிருச்சு, லட்சுமின்னு கூப்பிடுறாக, பேங்க்ல அது பேர்ல கடன் இருக்கு. பொறந்த உடனே கடன்காரி! அது என்ன நெனச்சிருக்கும், "ஏலே நான் எப்படா லோன் வாங்குனேன்"னு நெனச்சிருக்கும். ஆனா பேங்க் நோட்டுல லட்சுமி சாகவே இல்ல. பேங்க் கணக்குப்படி லட்சுமி கருப்பாப் பொறந்து, வெள்ளையா வளர்ந்து, செவப்பா முதிர்ந்து, ஒரு நாளும் நோய்நொடின்னு படுக்காத ஆடு. கடன் முடிஞ்சு பேங்க்தான் கணக்கை மூடுச்சு, லட்சுமி மூடல.

அண்ணே பேராசிரியர் அண்ணே, இப்பப் புரியுதா சாவா மூவாப் பேராடு? ராஜராஜன் கொடுத்த 96 ஆடும் செத்துச்சு அண்ணே. அத்தனையும் செத்துச்சு. ஆனா 96 சாகல. குட்டி போட்டு குட்டி போட்டு, செத்த எடத்துல வளர்ந்ததை நிறுத்தி, எண்ணிக்கை கொறையாமப் பாத்துக்கிட்டதாலதான் அதுக்கு அந்தப் பேரு. பேங்க்ல போட்ட டெபாசிட் மாதிரி, ஆடு மொதலு, நெய் வட்டி. 96க்கு மேல பொறந்தா மேய்ச்சவனுக்கு, 96க்குக் கீழ போனா அவன் தலையில. அவனுக்காகப் பக்கத்து இடையரு புணை நின்னிருக்காரு, ஜாமீன் கையெழுத்துன்னு வச்சுக்கங்க. கொடுத்தவருக்கு ஜாமீன் கேட்டாங்களா? இல்ல. மேய்ச்சவன்கிட்டதான் கேட்டாங்க. ஏன்னா எது அறுந்தா மொத்தமும் அறும்னு அவங்களுக்குத் தெரியும்.

இப்ப அந்தப் பிரியாணிக்கு வர்றேன். வராம விடுவேனா!

மொதல்ல சோழர் காலத்துல பிரியாணி ஏது அண்ணே? ராஜேந்திரன் படை கங்கை வரைக்கும் போச்சு, வாஸ்தவம்தான், வரும்போது பிரியாணி அண்டாவோடவா வந்துச்சு? சரி, கறிக்கொழம்புன்னே வச்சிக்கிறேன். "கல்வெட்டு இல்லன்னா அறுத்துத் தின்னுருப்பான்." அண்ணே, இதுக்கு ஒரு வரி முன்னாடி நீங்க என்ன சொன்னீங்க? "ஆடு மேய்ச்சவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது." படிக்கவே தெரியாதவன் கல்வெட்டைப் படிச்சு எப்படி அண்ணே பயந்தான்? ரெண்டுல ஒண்ணை வச்சிக்கங்க. படிக்கத் தெரியும்னா அவனை ஏளனம் பண்ணதுக்கு மன்னிப்பு கேளுங்க. படிக்கத் தெரியாதுன்னா, எழுத்துக்குப் பயந்து இல்ல, அவன் மனசுக்குப் பயந்து ஆட்டைக் காப்பாத்துனான்னு ஒத்துக்கங்க. எப்படிப் போனாலும் வண்டி எங்க வீட்டு வாசல்லதான் நிக்கும்.

(கைதட்டல்)

தட்டுங்க தட்டுங்க, வேப்ப மரத்தடியில இன்னும் சத்தம் வரல.

96 ஆடுன்னு ஈசியாச் சொல்றோம். ஒரு ஆட்டுக்கு சென அஞ்சு மாசம். குட்டி பொழைக்கணும், நரி தூக்கக்கூடாது, குட்டியைக் கொடாப்புல போட்டு மூடி வைக்கணும். மழை பேஞ்சு புதுப்புல்லு மொளைச்சா மத்தவனுக்குக் கொண்டாட்டம், ஆட்டுக்காரனுக்கு வயித்துல நெருப்பு, அவசரமாத் தின்னா துள்ளுமாரி வரும், சாயங்காலம் துள்ளிக்கிட்டு இருந்த ஆடு காலையில கெடக்கும். நீலநாக்கு நோய் வந்தா வாயெல்லாம் வீங்கி மேயாது. ஆட்டுக்கொல்லின்னே ஒரு நோய் இருக்கு, பேரைப் பாருங்க! இன்னைக்குத் தடுப்பூசி இருக்கு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி என்ன இருந்துச்சு? இவன் கண்ணு இருந்துச்சு. எந்த ஆடு அசை போடாம நிக்குதுன்னு நூறு ஆட்டுக்குள்ள கண்டுபிடிக்கிற கண்ணு. எங்க ஐயா இருட்டுல கனைப்புச் சத்தத்தை வச்சே எந்த ஆடுன்னு சொல்லுவாக. வீட்டுல பேரப்புள்ளைக பேரு மாத்தி மாத்தி வரும், ஆட்டுக்கு மாறாது.

அப்புறம் நம்ம பேரையும் பாருங்க நடுவர் ஐயா. கல்வெட்டுல ஆடு மேய்க்கிறவருக்கு மன்றாடின்னு பேரு வருது. மன்றாடி! நான் இப்ப உங்ககிட்ட நின்னு பண்றதும் அதான். நாம நிக்கிற இந்த மேடைக்கு என்ன பேரு? பட்டிமன்றம். பட்டின்னா என்ன? ஆடு அடைக்கிற எடம். மணிமேகலையிலயே பட்டிமண்டபம்னு வருது, அதுக்குப் புலவருங்க வேற வெளக்கம் வச்சிருப்பாங்க, இருக்கட்டும், நான் எங்க ஊர் வெளக்கத்தைச் சொல்றேன். பட்டியும் எங்களோடது, மன்றாடியும் நாங்கதான். உள்ள வந்து கத்திட்டுப் போறது நீங்க. நீங்கன்னா, என்ன அண்ணே மொறைக்கிறீங்க, நான் ஆட்டைச் சொன்னேன்.

எதிரணியில ரெண்டாவதாப் பேசுன தம்பி ஒண்ணு கேட்டாரு, "கல்வெட்டு இல்லன்னா உங்களுக்கு இந்தச் சொல்லே தெரிஞ்சிருக்குமா"ன்னு. நல்ல கேள்வி தம்பி. கல்லுதான் சொல்லைக் காப்பாத்துச்சு, நான் இல்லங்கல. ஆனா தலைப்பு என்ன? சொல்லு நிலைச்சது யாராலன்னா? விளக்கு எரிஞ்சது யாராலன்னுதானே! இப்ப நான் உங்ககிட்ட கேக்குறேன். கல்லு இன்னைக்கும் இருக்கு. அதுல சந்திராதித்தவல்னு எழுத்தும் இருக்கு. சந்திரன்? தோ மேல இருக்கு. சூரியன்? காலையில வரும். கல்லு, எழுத்து, நிலா, சூரியன் நாலும் பத்திரமா இருக்கு. அந்த 96 ஆட்டு நெய்யில எரிஞ்ச விளக்கு எங்க தம்பி? இன்னைக்கு எந்த மன்றாடி வீட்டுல இருந்தும் அந்தக் கணக்குல உழக்கு நெய் போகல. கல்லு போதும்னா விளக்கு இன்னும் எரிஞ்சிருக்கணும்ல? எப்போ அந்தக் கை நின்னுச்சோ அன்னைக்கே விளக்கும் நின்னுச்சு. சோழப் பேரரசு 1279க்கு மேல இல்ல, ராஜாவும் போயாச்சு. ஆட்டைப் பாருங்க, இன்னும் ரோட்டை மறிச்சுக்கிட்டு நிக்குது.

இது ஒண்ணுதான் நான் சொல்ல வந்த பாயின்ட்டு. இதோட உக்காந்திருக்கலாம். ஆனா தஞ்சாவூர் வந்துட்டு இதைச் சொல்லாமப் போனா எங்க ஐயா என்னைய மன்னிக்க மாட்டாக.

உங்களுக்குத் தெரியும், இங்க தை அறுப்பு முடிஞ்சா எங்க சீமையில இருந்து கீதாரிமாருக ஆட்டை ஓட்டிக்கிட்டு வருவாக. வானம் பாத்த பூமி அங்கிட்டு காஞ்சு கெடக்கும், இங்க வயல்ல தாளும் கோரையும் இருக்கும். ராத்திரி உங்க வயல்ல கெடை போட்டு அடைப்பாக, ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்தா அடுத்த வெள்ளாமைக்கு அதைவிட உரம் கெடையாது. நீங்க தின்ன சோத்துல எங்க ஆட்டுக்கும் பங்கு இருக்கு, கணக்குக் கேக்கல, சும்மா சொன்னேன். எங்க ஐயா வருஷத்துல பாதி நாளு உங்க வயல்ல படுத்து எந்திரிச்சவரு. எங்க அத்தை கல்யாணத்துக்கே தாலி கட்டுற நேரத்துக்குத்தான் வந்தாக, வந்த வேட்டியில வயல் சேறு காயல, அன்னைக்கு ராத்திரியே திரும்பக் கெளம்பிட்டாக, கெடையில ஆடு கெடக்குன்னு.

அவுக செத்ததும் அப்படித்தான், ஒரு கோடையில, இந்தப் பக்கத்து வயல்ல. வெயில் தாங்காமச் சாஞ்சிட்டாக. ஒடம்பை வேன்ல போட்டு ஊருக்குக் கொண்டாந்தாங்க. கூடப் போயிருந்தது எங்க சித்தப்பா. எல்லாரும் கேட்டாக, சித்தப்பா எங்க, சித்தப்பா எங்கன்னு. வேன்ல அவரு வரல. பெத்த அப்பன் பொணம் ஊருக்குப் போகுது, மூத்த மகன் எங்கப்பா ஊர்ல இருக்காரு கொள்ளி வைக்க, ஆனா எளைய மகன் வரல. ஏன்னா அத்தனை ஆடும் பட்டியில கத்திக்கிட்டு நிக்குது, தண்ணி காட்டணும். அன்னைக்குச் சாயங்காலம் எங்க ஊர்ல எங்க ஐயாவுக்குக் கொள்ளி வைக்கிற நேரத்துல, இங்க உங்க வயக்காட்டுல சித்தப்பா ஐயாவோட தொரட்டியை எடுத்துக்கிட்டு ஆட்டை எழுப்பி ஓட்டிட்டுப் போயிருக்காரு. அழுதுக்கிட்டேதான் ஓட்டிருப்பாரு. ஆட்டுக்குத் தெரியுமா, முன்னாடி நடக்குறது அப்பனா மகனான்னு. சித்தப்பா சொன்னது ஒண்ணுதான், "சத்தம் குடுத்தேன், பூராம் வந்துச்சுக."

பூராம் வந்துச்சுகன்னு அவரு சொல்லும்போது எங்க அப்பத்தா அழுதுச்சு பாருங்க, ஐயா பொணத்தைப் பாத்து கூட அப்படி அழுகல.

இதுக்கு மேல எனக்கு லாஜிக் வரல ஐயா. எதிரணி அண்ணன் குறிப்பெடுக்குறதை நிப்பாட்டிட்டாரு, நான் பாத்துட்டேன்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. மணி அடிக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு. எதிரணி கொடுத்தவர் பெரியவர்ங்குறாங்க. நானும் அந்தக் கொடுத்தவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுறேன். தர்மம் எழுதி வச்ச பல கல்வெட்டுல முடிக்கும்போது ஒரு வரி வரும். "இத்தர்மம் ரக்ஷித்தான் ஸ்ரீபாதம் என் தலை மேலன." இந்தத் தர்மத்தைக் காப்பாத்துறவனோட பாதம் என் தலை மேல இருக்கட்டும். யாரு சொல்றா? கொடுத்தவரு சொல்றாரு. ராஜாக்கள் சொல்லியிருக்காங்க, பெரிய பெரிய அதிகாரிங்க சொல்லியிருக்காங்க. எனக்கப்புறம் எவன் வருவான்னு தெரியாது, அவன் பேரு தெரியாது, சாதி தெரியாது, அவன் ஆட்டுக்காரனா இருந்தாலும் சரி, அவன் கால் தூசி என் தலை மேலங்குறாரு. கொடுத்தவரே குனிஞ்சு நிக்குறாரு அண்ணே, அவருக்காகப் பேச வந்த நீங்க எதுக்கு நெஞ்சை நிமித்திக்கிட்டு உக்காந்திருக்கீங்க?

நடுவர் ஐயா, இதுக்கு மேல நீங்க எங்களுக்குத் தீர்ப்பு குடுத்தாலும் சரி, குடுக்கலன்னாலும் சரி. இல்ல, குடுங்க. குடுக்காமப் போனா எங்க சித்தப்பாகிட்ட நான் என்ன பதில் சொல்றது, அவரு இப்பயும் இங்க பக்கத்துலதான் கெடை போட்டிருக்காரு, நான் பேசுறேன்னு கேட்டு வந்து அந்தா, வேப்ப மரத்தடியில நிக்குறாரு. விசிலடிச்சவங்களுக்குப் பக்கத்துல, கையில தொரட்டியோட. விசிலடிச்ச தம்பிகளா, மெதுவா ஒருதடவை திரும்பிப் பாத்துக்கங்கப்பா. நன்றி, வணக்கம்.